டீ வாங்கிக் கொடுத்தே உண்மையை வரவழைக்க முடியுமா?

‘நாலு தட்டு தட்டினா உண்மை வந்துடும்’ என்பது சினிமா போலீஸ் கணக்கு. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அந்தக் கணக்கில் போனது, அப்பா, மகன் என இரண்டு உயிர்.

பிள்ளைச்சாவடியோ சென்னையோ, போலீஸிடம் ஒப்புக்கொண்டது மட்டும் கோர்ட்டில் செல்லாது (சாட்சியச் சட்டம், பிரிவு 23). அதை வைத்துப் பொருள் ஏதாவது சிக்கினால், அந்தப் பகுதி மட்டும் எடுபடும். அப்புறம் எதுக்கு அடி?

இரண்டாம் உலகப் போரில் ஹான்ஸ் ஷார்ஃப் என்ற ஜெர்மன் விசாரணையாளர், பிடிபட்ட அமெரிக்க விமானிகள் மேல் கை வைக்கவே இல்லை. காட்டுப் பக்கம் வாக்கிங் கூட்டிப்போவார். எல்லாம் தெரிந்தவர்போல அவரே பேசுவார். விஷயத்தைச் சொல்கிறோம் என்றே தெரியாமல் விமானிகள் சொல்லிவிடுவார்கள்!

ஆக, ஸ்டேஷனில் சிரித்துப் பேசினாலும் அது விசாரணைதான். கைதானவர் நடுவில் வக்கீலைச் சந்திக்கலாம். ஆனால், முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது.