ஒரகடமும் யோகஹாமாவும்

ஜப்பானிய மோட்டார்த் தொழில் நமக்குப் புகட்டும் பாடம்

ராஜ்யம் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்த நகரமாக மகாபாரதம் கூறும் அஸ்தினாபுரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று, சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டையை அடுத்து இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டுத் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் ஆகிய இடங்களைக் கடந்து, வாலாஜாபாத் சாலையில் திரும்பிப் படப்பை வழியாகச் சென்றால் ஒரகடம் வரும். ஏரிப்பாசன வயல்களும் மேய்ச்சல் நிலமுமாக இருந்த அப்பிரதேசத்தில் இன்று பெரிய யந்திரசாலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, 2010-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் திறக்கப்பெற்ற, ஜப்பான் தேசத்து நிஸான் கம்பெனியும் பிரெஞ்சு தேசத்து ரெனோ கம்பெனியும் கூட்டாக அமைத்த மோட்டார்த் தொழிற்சாலை. அதில் நிஸானுக்கு இருந்த 51 சதவிகிதப் பங்கு முழுவதையும் ரெனோ வாங்கிக்கொள்ளும் என்று 2025-ம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் அறிவிக்கப்பட்டது. அவ்வருஷமே அந்தக் கைமாற்றமும் முடிந்துவிட்டது. தொழிற்சாலை நம் மண்ணில் இருக்கிறது; உழைப்பவர் நம்மவர்; ஆனால் அது யாருக்கு உரியது என்பதைப் பாரிஸிலும் யோகஹாமாவிலும் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். இதை எண்ணும்போது, இந்த நிஸான் கம்பெனி எவ்வாறு தோன்றி, எவ்வாறு வளர்ந்து, எவ்வாறு தளர்ந்தது என்பதைத் தமிழ் மக்கள் அறிந்துகொள்வது அவசியமென்று நமக்குத் தோன்றுகிறது.

பெயர் பிறந்த வரலாறு

1911-ம் வருஷத்தில் மாஸுஜிரோ ஹஷிமோட்டோ என்னும் எஞ்சினீயர் டோக்கியோ நகரில் ஒரு சிறு மோட்டார்க் கம்பெனியை ஆரம்பித்தார். 1914-ல் அவர் செய்து முடித்த வண்டிக்கு, பண உதவி செய்த டென், அவோயாமா, டாக்கேயுச்சி என்னும் மூவரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘டாட்’ என்று பெயரிட்டார். 1931-ல் அதே கம்பெனி ஒரு சிறிய வண்டியைச் செய்தபோது, டாட்டின் மகன் என்னும் கருத்தில் அதற்கு ‘டாட்ஸன்’ என்ற பெயர் வந்தது. ஆனால் ‘ஸன்’ என்ற ஒலி ஜப்பானிய பாஷையில் நஷ்டத்தைக் குறிக்கும். வியாபாரத்துக்கு நஷ்டமென்று பெயரிடுவது அபசகுனமன்றோ? ஆகவே, ஒலியை விடாமல், இங்கிலீஷில் சூரியனைக் குறிக்கும் எழுத்துக்களாக அதை மாற்றிவிட்டார்கள். உதயசூரியனைக் கொடியில் வைத்த தேசத்துக்கு அது பொருத்தமாகவே அமைந்தது.

இக்கம்பெனியைத் தம் கைக்குக் கொண்டுவந்தவர் யோஷிஸுக்கே அய்க்காவா என்பவர். சர்வகலாசாலையில் எஞ்சினீயர் பட்டம் பெற்ற இவர், அமெரிக்காவுக்குச் சென்று ஒரு வார்ப்படச் சாலையில் சாதாரணத் தொழிலாளியாக வேலை செய்து தொழிலைக் கற்றார். திரும்பி வந்து 1910-ல் சொந்த வார்ப்படசாலை தொடங்கினார். 1933-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி இவர் ஸ்தாபித்த மோட்டார்க் கம்பெனியே, மறு வருஷத்தில் ‘நிஸான்’ என்ற பெயரைப் பெற்றது. ‘நிப்பன் ஸாங்கியோ’, அதாவது ஜப்பான் கைத்தொழில், என்பதன் சுருக்கமே அச்சொல். 1935-ல் யோகஹாமா தொழிற்சாலையிலிருந்து டாட்ஸன் வண்டிகள் வரிசையாக வெளிவரத் தொடங்கின.

சட்டமும் சிரத்தையும்

அக்காலத்தில் ஜப்பானிய மார்க்கெட் ஜப்பானியர் கையில் இருக்கவில்லை. அமெரிக்க போர்டு கம்பெனி 1925-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-லும் அந்நாட்டில் தம் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்று வந்தன. 1936-ல் ஜப்பானிய சர்க்கார் ஒரு சட்டம் செய்து, மோட்டார் உற்பத்தியை லைசென்ஸ் பெற்ற சுதேசக் கம்பெனிகளுக்கே உரியதாக்கிற்று. 1939-க்குள் அமெரிக்கர்கள் தொழிலை நிறுத்திக்கொண்டனர். அச்சட்டத்தின் பின்னால் ராணுவத்தினரின் நோக்கம் இருந்தது என்பதையும், அய்க்காவாவின் மூலதனம் மஞ்சூரிய ஆக்கிரமிப்போடு பிணைந்திருந்தது என்பதையும், யுத்தத்துக்குப் பின் அவர் சிறையிலிருக்க நேர்ந்தது என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. அந்நிய ஆதிக்கத்தை அனுபவித்த நாம், பிறர் மண்ணைப் பறித்தவர்களின் வழியைப் புகழ முடியாது. தேசாபிமானம் வேறு, பிறநாட்டு ஆசை வேறு.

நாம் கற்க வேண்டியது அதன் பின் நடந்ததையே. தோல்வியுற்று, நகரங்கள் சாம்பலாகக் கிடந்த தேசத்தில், 1952-ல் நிஸான் கம்பெனி இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாகத் தாங்களே செய்யக் கற்றார்கள். சில வருஷங்களில் முழு வண்டியும் ஜப்பானியரின் கைவேலையாயிற்று. 1960-ல் தரத்துக்குரிய டெமிங் பரிசும் கிடைத்தது. 1966-ல் பிரின்ஸ் கம்பெனி இதனோடு இணைந்தது. 1970-க்குள், வாத்தியாராயிருந்த மேனாட்டவரின் வீதிகளிலேயே மாணவனின் வண்டிகள் ஓடின.

இவ்வளர்ச்சி தொழிலாளர் கண்ணீரின்றி வந்ததல்ல. 1953-ல் நடந்த நீண்ட வேலைநிறுத்தமும் கதவடைப்பும் பழைய சங்கத்தை முறித்துவிட்டன. ஜப்பானிய ஒழுங்கைப் போற்றுவோர் இந்த அத்தியாயத்தையும் படிக்க வேண்டும்.

நம் நாட்டில் நடந்தது

நமது தேசத்திலும் இதே எண்ணம் இருந்தது. ஸர் விசுவேசுவரய்யா 1930-களில் மோட்டார்த் தொழிற்சாலைத் திட்டம் வகுத்தார்; அந்நிய சர்க்கார் ஆதரவளிக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின், இங்கேயே வண்டி செய்யும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-ல் சர்க்கார் கொள்கை வகுத்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அகன்றன. ஜப்பான் இட்ட வேலியை நாமும் இட்டோம். ஆனால் வேலிக்குள் பயிர் எப்படி வளர்ந்தது? பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார்க் கம்பெனி இருந்தது. 1961-ல் அங்கு வெளிவந்த ஹெரால்டு வண்டியைப் பழைய தாம்பரவாசிகள் இன்றும் அன்போடு நினைக்கிறார்கள். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. சில வருஷங்களில் தொழிற்சாலையே மூடப்பட்டது. போட்டியில்லாத இடத்தில் வாங்குபவன் காத்துக்கிடந்தான், செய்பவன் கற்கவில்லை. பாதுகாப்பு என்பது கற்பதற்குக் கொடுத்த அவகாசமென்று ஜப்பானியர் கருதினர். நம் முதலாளிகளோ அதை நிரந்தர மானியமாகக் கருதினர். வித்தியாசம் அவ்வளவே.

நிஸானுக்கும் நமக்கும் உள்ள உறவு ஒரகடத்தில் தொடங்கவில்லை. நிஸான் பேட்ரோல் என்னும் வண்டியின் அமைப்பைக் கொண்டு, ஜபல்பூரிலுள்ள சர்க்கார் தொழிற்சாலை 1969 முதல் முப்பது வருஷ காலம் நம் சேனைக்கு ‘ஜோங்கா’ வண்டிகளைச் செய்துவந்தது. மலைச்சரிவிலும் மணற்காட்டிலும் அவ்வண்டி உழைத்த உழைப்பைச் சிப்பாய்கள் இன்றும் பேசுகிறார்கள். சர்க்கார் ஏலத்தில் எடுத்தவர்கள் அதைப் பொன்போல் பாதுகாக்கிறார்கள்.

வண்டியை ஓட்டுவோர் சொல்வது

ஒரகடத்திலிருந்து 2010-ல் மைக்ரா வந்தது. 2011-ல் ஸன்னி, 2013-ல் டெரானோ. 2014-ல், 1981 முதல் கம்பெனி கைவிடத் தொடங்கிய டாட்ஸன் பெயரைத் தூசு தட்டி எடுத்து, ‘கோ’ என்ற வண்டியை ரூ. 3.12 லட்சம் ஆரம்ப விலையில் விற்றார்கள். 2020 டிசம்பரில் மேக்னைட் வந்தது.

இவற்றை வைத்திருப்போரிடம் பேசினால், அபிப்பிராயங்கள் பெரும்பாலும் ஒத்திருக்கின்றன. மைக்ரா, குறுகிய சந்தில் சுலபமாகத் திரும்பும். குரோம்பேட்டை மார்க்கெட் தெருவில் ஓட்டுவோருக்கு இது சிறு விஷயமல்ல. ஸன்னியின் பின் ஆசனத்தில் பெரியவர்கள் கால் நீட்டி உட்காரலாம். டெரானோ பள்ளம் மேடுகளைப் பொருட்படுத்தாது. மேக்னைட் கொடுத்த பணத்துக்கு நிறைவானது. எஞ்சினைப் பற்றிக் குறை கூறுவோர் சிலரே. ஆனால் எல்லோரும் ஒரே கவலையில் வந்து முடிக்கிறார்கள்: “வண்டி நல்லதுதான், ஆனால் இந்த மாதிரியை நிறுத்திவிட்டார்களே, இனி விற்றால் என்ன விலை போகும்?” தரத்தைப் பற்றிய அதிருப்தியன்று இது, நிலைத்து நிற்பார்களா என்ற சந்தேகம். வியாபாரத்தில் சாமான் பாதி, நம்பிக்கை பாதி என்பதை அறிந்தோருக்கு இதன் பாரம் தெரியும்.

டாட்ஸன் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. ஸ்கூட்டரில் மனைவி மக்களோடு நனைந்து சென்றவன், தன் வாழ்நாளில் முதல் முறையாகக் கூரையுள்ள வண்டியில் ஏறினான். அந்த ஆனந்தத்தை ஏளனம் செய்ய நமக்கு மனமில்லை. ஆனால் 2014 நவம்பரில், குளோபல் என்கேப் என்னும் சர்வதேசப் பரிசோதனை ஸ்தாபனம் அவ்வண்டியை மோதவிட்டுப் பார்த்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. காற்றுப்பை இல்லை என்பது மட்டுமல்ல. வண்டிக்கூடே உறுதியற்றதென்று கண்டார்கள். அவ்வண்டியை விற்பனையிலிருந்து நீக்கவேண்டுமென்று அந்த ஸ்தாபனத்தார் கம்பெனித் தலைவருக்கே எழுதினர். விற்பனை தொடர்ந்தது. அன்றைய நம் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஏழையின் உயிர் மலிவானது என்று கம்பெனி கருதிற்றென்றால், அதற்கு நம் சட்டத்தின் மௌனமும் சாட்சி சொல்லிற்றல்லவா?

சட்டம் பேசத் தொடங்கியதும் நிலைமை மாறிற்று. 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிகளுக்கு மோதல் பரிசோதனை கட்டாயமாயிற்று. 2019 ஜூலை முதல் ஓட்டுபவருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2018-ல் திருத்தி வெளியிடப்பட்ட டாட்ஸன் கோவில் இரண்டு காற்றுப்பைகள் இருந்தன. அதே ஒரகடத்தில் செய்த மேக்னைட், 2025-ல் அதே சர்வதேசப் பரிசோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதே தொழிலாளர், அதே தொழிற்சாலை! திறமைக் குறைவு என்றுமே இருந்ததில்லை. கேட்பவர் இல்லாததே குறை. டாட்ஸன் பெயரோ 2022 ஏப்ரலில் இந்தியாவில் மீண்டும் மறைந்தது. பாகங்களும் பழுது பார்த்தலும் தொடரும் என்று கம்பெனி வாக்களித்தது.

தலைமையின் வீழ்ச்சி

1999-ல் கடன் சுமையால் தள்ளாடிய நிஸானில் ரெனோ 36.8 சதவிகிதப் பங்கை வாங்கிற்று. கார்லோஸ் கோன் என்பவர் வந்து, ஐந்து தொழிற்சாலைகளை மூடி, 21,000 வேலைகளைக் குறைத்து, கம்பெனியை லாபத்துக்குக் கொண்டுவந்தார். உலகம் அவரை வீரனென்று கொண்டாடிற்று. 2018 நவம்பரில் அவரே பணமுறைகேட்டுக் குற்றச்சாட்டில் டோக்கியோவில் கைதானார். குற்றத்தை மறுத்த அவர், விசாரணைக்கு முன், 2019 டிசம்பரில் ஜப்பானிலிருந்து தப்பி லெபனானுக்கு ஓடினார். 2024 டிசம்பரில் ஹோண்டா கம்பெனியோடு இணையப் பேசினார்கள். 2025 பிப்ரவரியில் அதுவும் முறிந்தது. அவ்வருஷம் மே மாதத்தில், உலகெங்கும் 20,000 வேலைகளைக் குறைப்பதென்றும், 17 தொழிற்சாலைகளைப் பத்தாக்குவதென்றும் அறிவித்தார்கள். தனி மனிதரைத் தெய்வமாக்கும் ஸ்தாபனம், அம்மனிதர் வீழும்போது தானும் ஆடிப்போகும்.

நாம் செய்ய வேண்டியது

ஒரகடம் மூடப்படவில்லை, ரெனோவின் கீழ் நடைபெறுகிறது, நிஸான் வண்டிகளும் அங்கேயே தயாராகின்றன. அங்கு செய்த வண்டிகள் நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களுக்குக் கப்பலேறியிருக்கின்றன. அந்தப் பெருமை நம் தொழிலாளருடையது. 2021 மே மாதத்தில் தொற்று நோய் பரவியபோது, உயிர்ப் பாதுகாப்புக் கோரி அத்தொழிலாளர் சங்கமே சென்னை ஹைக்கோர்ட்டை அணுகியதையும் இங்கு நினைவூட்டுகிறோம்.

அந்நிய மூலதனம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஜப்பானும் ஆஸ்டின் வாசலில் நின்றுதான் கற்றது. ஆனால் நின்றது கற்பதற்காக. காலமெல்லாம் கூலிக்கு நிற்பதற்காக அல்ல. நிலமும், நீரும், மின்சாரமும், வரிச் சலுகையும் கேட்டுவரும் கம்பெனியிடம், எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்பது போதாது. எந்த வித்தையை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பீர்கள்? எந்தப் பாகத்தை எங்கள் சிறு தொழிற்சாலைகளிடம் வாங்குவீர்கள்? உங்கள் நாட்டுச் சகோதரனுக்குக் கொடுக்கும் பாதுகாப்பை எங்கள் சகோதரனுக்கும் கொடுப்பீர்களா? நீங்கள் போனால், உங்களை நம்பி வண்டி வாங்கியவனுக்கும் வேலையில் சேர்ந்தவனுக்கும் யார் பொறுப்பு? இக்கேள்விகளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் கேட்கவேண்டும். கதவு சாத்திய பின் கேட்டுப் பயனில்லை.

பொழுது விடியுமுன் சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இளைஞர்களை இப்பக்கத்தில் தினமும் காணலாம். ஐந்து நட்சத்திர வண்டியைச் செய்யும் கைகள் அவர்களுடையவை. அந்தக் கைகளுக்கு வண்டியின் படத்தை வரையவும் ஒரு நாள் வாய்க்க வேண்டும். அய்க்காவா ஒரு காலத்தில் அமெரிக்க வார்ப்படசாலையில் கரி படிந்து நின்றவர்தாமே! அந்த வரிசையில் நிற்பவர்களுள் ஒருவன் ஏன் அவ்வாறு எழக்கூடாது? அதற்கு வழி செய்வதே இன்று தேசத்தொண்டு செய்ய விரும்புவோரின் கடமை.