பழைய படிகளும் புதிய பதிவேடும்

செங்காங்கில் வாழும் தமிழாசிரியர் ஒருவரின் கணினியில், இருபது ஆண்டுகளாக அவர் எழுதித் திருத்திய இலக்கணப் பாடமொன்று பல கோப்புகளாகக் கிடப்பதாகக் கொள்வோம். 'பாடம்', 'பாடம் 2', 'பாடம் இறுதி', 'பாடம் இறுதி திருத்தியது' என்பன அவற்றின் பெயர்கள். எது முந்தியது, எது பிந்தியது? ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இத்தகையதே.

கோப்பின் ஒவ்வொரு நிலையையும், திருத்தியவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு வரிசையாகப் பதிந்து வைப்பது பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் ஆக்கிய 'கிட்' என்னும் மென்பொருளே இன்று இதற்குப் பெருவழக்காக உள்ளது. ஆயின், பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரே பதிவாக உள்ளே தள்ளிவிட்டால், குவியல் இடம் மாறுமேயன்றி வரலாறு விளங்காது.

ஆகவே, சிறு கட்டளைநிரல் ஒன்று எழுத வேண்டும். அது கோப்புகளைக் கடைசியாகத் திருத்திய நாளின்படி, பழையது முதலாக அடுக்கும்; ஒவ்வொன்றையும் 'பாடம்' என்ற ஒரே பெயரில் முந்தையதன் இடத்தில் வைக்கும்; அதன் பழைய நாளையே குறித்துப் பதியும். பிழை நேரின், நிரலைத் திருத்தி முதலிலிருந்து மீண்டும் ஓட்டலாம். மூலக் கோப்புகள் மட்டும் தொடப்படாமல் தனியே இருத்தல் வேண்டும்.

'கிட்' எழுதிய நாள், பதிந்த நாள் என இரண்டையும் வெவ்வேறாகக் காக்கும். எனவே பழைய நாளைக் குறிப்பது பொய்யாகாது. ஆனால் கோப்பைப் படியெடுக்கும்போதே அதன் நாள் மாறிவிடுவதுண்டு. ஐயமுள்ள இடத்தில், அவ்வையத்தைப் பதிவுக் குறிப்பிலேயே எழுதிவிடுவது நேர்மை.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் போன்ற பழைய முறைகளில் தட்டெழுதியவற்றை ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிய பின் பதிந்தால், மாற்றத்தில் சிதைந்த எழுத்தை எதனோடு ஒப்பிடுவது? மூலத்தை உள்ளவாறே முதலிற் பதிந்து, மாற்றத்தைத் தனிப் பதிவாகச் செய்வதே முறை.

இது வெறுங்கனவன்று. கிரேக்கப் பேராசிரியர் டயோமிடிஸ் ஸ்பினெல்லிஸ், 'யூனிக்ஸ்' இயக்குதளத்தின் 1972 முதலான பழைய படிகளை இவ்வாறே நிரல்வழிக் கோத்து, 2015-இல் அதன் 44 ஆண்டு வளர்ச்சியை ஒரே பதிவேடாக வெளியிட்டார். ஆசிரியரின் பாடமும் அவ்வாறு கோக்கப்படுமாயின், எந்த விளக்கத்தை எப்போது, ஏன் மாற்றினார் என்பதைப் பின்வரும் ஆசிரியர் அறிவர்.