விண்ணப்ப எண் காப்புரிமை எண் ஆகாது

ட்ரோனில் பார்சல் கொண்டுசேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற மாணவர்கள் என்று கல்லூரி வாசல்களில் பேனர் தொங்குகிறது. அந்த மாணவர்களிடம் காப்புரிமை எண்ணைக் கேட்டால் விண்ணப்ப எண்ணைக் காட்டுகிறார்கள். பரிசோதனைக்கு மனு போட்டாயிற்றா என்றால், “அதெல்லாம் சார் பார்த்துக்குவார்” என்கிறார்கள். சார், ஏஜென்டைக் கைகாட்டுகிறார். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. இதற்குள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் அது காப்புரிமை இதழில் வெளியாகும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பு புதியதா இல்லையா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதழில் வந்த பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதால் உரிமை எதுவும் வந்துவிடாது. காப்புரிமை கிடைக்காத பொருளைக் காப்புரிமை பெற்றது என்று சொல்லி விற்றால், காப்புரிமைச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம்.

பரிசோதனை தானாக நடக்காது, நாம்தான் கேட்க வேண்டும். அதற்குப் படிவம் 18. 2024 மார்ச் 15 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான் கெடு, முன்பு 48 மாதம் இருந்தது. பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லும் பேராசிரியர்களைப் பார்க்கிறேன். கணக்கு தொடங்குவது முதலில் போட்ட புரொவிஷனல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து. முழு விவரக்குறிப்பைக் கொடுத்த தேதியிலிருந்து எண்ணி ஏமாற வேண்டாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் ஆன்லைனில் கட்டணம் 4,000 ரூபாய். தனிநபர் தவிர மற்றவர்கள் படிவம் 28ஐயும் இணைக்க வேண்டும். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், தனிநபர் விண்ணப்பத்தில் பெண் ஒருவர் இருப்பது ஆகிய தகுதிகளில் ஒன்று இருந்தால் படிவம் 18ஏ போட்டு விரைவுப் பரிசோதனை கேட்கலாம். பரிசோதனை கேட்கும் கெடு தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும்.

பரிசோதனை தொடங்கினால் வருவது முதல் பரிசோதனை அறிக்கை, ஏஜென்டுகள் பேச்சில் எஃப்.இ.ஆர். பார்சல் ட்ரோன் என்றால் அதில் என்ன இருக்கும் என்று பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். முந்தைய ஆவணங்கள் டி1, டி2 என்று வரிசையாக நிற்கும். இந்தியாவில் இதை யாரும் செய்யவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது, உலகில் எங்கே வெளியான ஆவணமும் கணக்கில் வரும். வாடிக்கையாளரின் கைபேசி எங்கே இருக்கிறதோ அங்கேயே ட்ரோன் பொருளைக் கொண்டுபோகும் யோசனையை அமேசான் 2014இலேயே அமெரிக்காவில் தாக்கல் செய்துவிட்டது. ஆகாயக் கப்பலையே கிடங்காக்கி அங்கிருந்து ட்ரோன்களை இறக்கும் திட்டத்துக்கு 2016இல் அமேசானுக்குக் காப்புரிமையே கிடைத்தது.

அடுத்து 3(எஃப்) பிரிவு. தெரிந்த கருவிகளைச் சேர்த்துவைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. ட்ரோன், ஜிபிஎஸ், பெட்டி, ஓடிபி ஆப் என்று நான்கையும் ஒரு படத்தில் அம்புக்குறி போட்டு இணைத்த விண்ணப்பங்கள் இங்கேதான் விழுகின்றன. பாதை கணக்கிடும் அல்காரிதத்தை மட்டும் கோரினால் 3(கே) பிரிவு குறுக்கே வரும்.

எது தேறும்? ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தொழில்நுட்பத்தால் தீர்த்திருக்க வேண்டும். கயிற்றில் பார்சலை இறக்கும்போது காற்றில் அது ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின் இழுவிசையை அளக்கும் சென்சார் எங்கே பொருத்தப்பட்டுள்ளது, இழுவிசை எந்த அளவுக்குக் குறைந்தால் பார்சல் தரையைத் தொட்டதாகக் கணக்கு, அதன் பிறகே கொக்கி எப்படித் திறக்கிறது, கயிறு மரக்கிளையில் சிக்கினால் ட்ரோன் என்ன செய்யும் என்றெல்லாம் எண்ணிட்ட படத்தோடும் சோதனை அளவுகளோடும் எழுதியிருந்தால் வாதாட இடம் உண்டு. எழுதாமல் விட்டதை எஃப்.இ.ஆர். வந்தபின் சேர்க்க முடியாது, 59ஆம் பிரிவு தடுக்கும். மறுபடியும் சொல்கிறேன், பிறகு சேர்க்க முடியாது. புரொவிஷனலுக்கும் முழு விவரக்குறிப்புக்கும் இடையே கிடைக்கும் 12 மாதத்தில் சோதனையை முடித்துவிட வேண்டும்.

பறக்கவிட்டுக் காட்டிய வீடியோவைத் தாக்கலுக்கு முன் யூடியூபில் போடுவது இன்னொரு தற்கொலை. திறந்த வெளியில் சோதித்தே ஆக வேண்டிய கண்டுபிடிப்புக்குச் சட்டம் ஓராண்டு சலுகை தருகிறது. ஆனால் அது நியாயமான சோதனைக்கு மட்டும், விளம்பரத்துக்கு அல்ல. முதலில் தாக்கல், அப்புறம் வீடியோ.

எஃப்.இ.ஆர். வெளியான நாளிலிருந்து பதிலுக்கு ஆறு மாதம். போதாது என்றால் அந்த ஆறு மாதம் முடிவதற்குள் படிவம் 4 போட்டு மேலும் மூன்று மாதம் வரை வாங்கலாம். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் வேண்டும். டி1க்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வெளிநாட்டு விண்ணப்ப விவரம் தரும் படிவம் 3ஐ மறப்பவர்கள் உண்டு. கல்லூரி பெயரில் விண்ணப்பம் என்றால் கண்டுபிடித்த மாணவர்கள் உரிமையை ஒப்படைத்த கையெழுத்து படிவம் 1இல் இருக்க வேண்டும். படிப்பை முடித்து ஒருவர் ஓசூரிலும் இன்னொருவர் துபாயிலும் இருக்கும்போது அதைத் தேடி அலைவதைவிட, தாக்கல் செய்யும் அன்றே வாங்கிவிடுங்கள். விசாரணை நடந்தால் எழுத்துப்பூர்வ வாதத்தை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால்? ஒரே வாசகங்களை வெட்டி ஒட்டி, காரணம் சொல்லாமல் எழுதப்பட்ட மறுப்பு ஆணைகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கின்றன. அதிகாரிகள் இன்னும் திருந்தியபாடில்லை. ஆணையில் வெளிப்படையான பிழை இருந்தால் ஒரு மாதத்துக்குள் படிவம் 24இல் மறுஆய்வு கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். மேல்முறையீட்டு வாரியம் 2021இல் ஒழிக்கப்பட்டதால், சென்னையில் போட்ட தமிழ்நாட்டு விண்ணப்பத்துக்கு இப்போது சென்னை உயர் நீதிமன்றம்தான்.

பதிலே தராமல் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு கிடையாது, ரிட் மனு மட்டுமே வழி. ஏஜென்டின் தவறால் கைவிடப்பட்ட விண்ணப்பங்களை 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் விண்ணப்பதாரருக்குக் கைவிடும் எண்ணமே இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்கு, ஏஜென்டுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் தேதியோடு இருக்க வேண்டும், போனில் கேட்டேன் என்பது சாட்சியாகாது. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் நிலவரம் யாருக்கும் இலவசமாகத் தெரியும். மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள்.