அசையும் ஓவியம்

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் வரையப்பட்டுள்ளன. அங்கு ஓவியங்கள் நிற்கின்றன. காண்போர் நடந்து சென்று கதையை அறிகின்றனர். அசைவூட்டப் படத்திலோ காண்போர் அமர்ந்திருக்க, ஓவியங்கள் நகர்கின்றன. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் மாறுவதால், அவை தொடர்ந்த அசைவாகத் தோன்றுகின்றன. இத்தனை படங்களையும் ஒருவரே வரைதல் அரிது. எனவே, இது பலர் கூடிச் செய்யும் கலையாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன், 1956இல் மும்பையில் நடுவண் அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் சேர்ந்தார். வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் அங்கு இளம் ஓவியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர்கள் படம் உருவாக்கிக்கொண்டே தொழிலைக் கற்றனர். புத்த ஜாதகக் கதையைக் கூறும் ‘தி பேனியன் டீர்’ 1957இல் உருவாயிற்று.

பின்னாளில், ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவுடன் இணைந்து ராம் மோகன் இராமாயணத்தை அசைவூட்டப் படமாக்கினார். அப்படம் 1992இல் நிறைவுற்றது. ஜப்பானிய ஓவியர்கள் கைதேர்ந்தவர்கள். ஆயினும், வேட்டியை எவ்வாறு உடுத்துவர், பிள்ளைகள் பெரியோரிடம் எவ்வாறு வாழ்த்துப் பெறுவர் என்பவற்றை இந்திய ஓவியர்களே அவர்களுக்கு விளக்கினர். நாள்தோறும் வீட்டில் காண்பதால் நாம் பொருட்படுத்தாத வழக்கமும், பிறரோடு கூடிப் பணியாற்றும்போது அரிய அறிவாகிறது.

அருஞ்சொற்பொருள்
பள்ளியறை – படுக்கையறை
சட்டகம் – திரையில் தோன்றும் தனிப்படம்
கைதேர்ந்தவர் – தொழிலில் வல்லவர்

சிந்தித்து எழுதுக
உம் வீட்டு வழக்கம் ஒன்றைப் பிறமொழி நண்பர் ஓவியமாக வரைய விரும்புகிறார். அவருக்கு நீவிர் எவற்றை விளக்குவீர்?