கேரம் ஸ்டிரைக்கர்: தேர்வும் பராமரிப்பும்

கேரம் ஆட்டத்தில் பலகை, காயின், பவுடர் எல்லாம் இரு தரப்புக்கும் பொது. ஸ்டிரைக்கரை மட்டும் ஆட்டக்காரர் சொந்தமாகக் கொண்டுவரலாம். வடசென்னையில் இந்த ஆட்டம் தெருமுனை மன்றங்களில் வளர்ந்தது. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். புதிதாகப் பழக வருபவர் பலகை வாங்க வேண்டியதில்லை, மன்றத்தில் இருக்கும். ஆனால் நல்ல ஸ்டிரைக்கர் ஒன்று தன் கையில் இருப்பது அவசியம்.

1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதிப்படி ஸ்டிரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்கு மேலும், எடை 15 கிராமுக்கு மேலும் போகக் கூடாது. தந்தம், உலோகம் இரண்டுக்கும் தடை உண்டு. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக் போன்ற செயற்கைப் பொருள்களால் ஆனவை.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது எடை. காயினின் எடை 5 முதல் 5.5 கிராம். 15 கிராம் ஸ்டிரைக்கர் 5 கிராம் காயினை நேருக்கு நேர் மோதினால், ஆற்றல் வீணாகவில்லை என்று கொண்டால், ஸ்டிரைக்கர் வந்த வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு வேகத்தில் காயின் பாயும். ஸ்டிரைக்கரிடம் பாதி வேகம் மிஞ்சும். அதே திசையில் அது தொடர்ந்து போகும். 10 கிராம் ஸ்டிரைக்கரானால் மூன்றில் ஒரு பங்கு வேகமே மிஞ்சும். பாக்கெட்டுக்கு நேரே நிற்கும் காயினை ஓங்கி அடித்தால் ஸ்டிரைக்கரும் பின்னாலேயே விழுவது இதனால்தான். பாக்கெட்டின் அகலம் 4.45 செ.மீ.; ஸ்டிரைக்கரைவிட 3 மி.மீ.தான் பெரிது, இருந்தும் விழுந்துவிடும். விழுந்தால் ஃபவுல், அபராதமாகக் காயின் பலகைக்குத் திரும்பும். கனமான ஸ்டிரைக்கர் காயின் கூட்டத்தைக் கலைக்க உதவும், மெல்லிய கட் அடியில் தடுமாறாது. ஆனால் விரலை அடக்கி அடிக்கத் தெரிய வேண்டும். பெரியவர்கள் 15 கிராமை ஒட்டிய எடையிலேயே தொடங்குவது நல்லது. சிறுவர்களுக்குச் சற்று இலேசானது போதும். எதை எடுத்தாலும் சில மாதமாவது மாற்றாமல் ஆட வேண்டும். வாரம் ஒரு ஸ்டிரைக்கர் மாற்றுபவரின் விரலுக்கு எந்த எடையும் பழகாது.

பொட்டலத்தில் அச்சிட்ட எடையை நம்பாமல் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது உத்தமம். அடுத்தது தட்டையான முகம். கண்ணாடிமேல் வைத்து ஓரத்தை அழுத்தினால் ஸ்டிரைக்கர் அசையக் கூடாது. விளிம்பை நகத்தால் சுற்றித் தடவினால் எங்கும் இடறக் கூடாது. மேலே பதித்த வண்ணப் படங்களுக்கு ஆட்டத்தில் எந்த வேலையும் இல்லை.

பராமரிப்பு என்றால் முக்கியமாகத் துடைப்பதுதான். விரலின் வியர்வையும் எண்ணெயும் பவுடரோடு சேர்ந்து அடிமுகத்தில் படலமாக ஒட்டும். ஸ்டிரைக்கர் இழுத்து ஓடும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரத்தால் இந்தத் தொல்லை அதிகம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னும் பின்னும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். படலம் போகாவிட்டால் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நிழலில் உலர்த்தலாம். தின்னர், ஸ்பிரிட் ஆகாது: அக்ரிலிக்கில் நுண்ணிய வெடிப்பு விழும்.

போரிக் பவுடரின் படிகம் அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் ஸ்டிரைக்கர் தடையின்றி ஓடுகிறது. மெல்லிய தூவலே போதும், குவித்தால் ஓட்டம் குறையும். டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும். விழுங்கினால் நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

சிமென்ட் தரையில் விழுந்த ஸ்டிரைக்கரின் விளிம்பை உடனே தடவிப் பார்க்க வேண்டும். சில்லு பெயர்ந்த இடம் காயினில் பட்டால் அடி திசை மாறும். உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய முயன்றால் வட்டம் கெடும், எடையும் குறையும். புதிது வாங்குவதே வழி.