வயலுக்குத் துணையான கீச்சான்

கரைத்தீவு முதலிய புத்தளக் கரையோர ஊர்களின் முள்வேலிகளிற் சிலவேளை வெட்டுக்கிளி குத்தப்பட்டிருக்கக் காணலாம். இது கீச்சான் என்னும் பறவையின் செயலாகும். அதற்குக் கொக்கி போன்ற அலகு உண்டு. பருந்துக்குள்ள வலிய கால்கள் இல்லை. ஆகவே இரையை முள்ளிற் குத்திக் கிழித்து உண்ணும்.

பழுப்புக் கீச்சான் சைபீரியா, சீனம் முதலிய நாடுகளிலிருந்து புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் வந்து, சித்திரையளவில் மீளும். எனவே பெரும்போகக் காலம் முழுவதும் வெட்டுக்கிளி, புழு, வண்டு ஆகியவற்றை உண்டு கமக்காரருக்கு உதவுகின்றது. இரட்டைவாற் கரிக்குருவி ஆண்டு முழுவதும் இவ்வுதவியைச் செய்யும்.

செய்யவேண்டியவை:

1. முள்வேலிகளை முற்றாக அழித்தலாகாது.

2. வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் குறுக்குத்தடி கட்டிய கம்புகளை நடுக. நெல் பால்பிடிக்குமுன் அவற்றை அகற்றுக. அன்றேல் மணியுண்ணும் பறவைகளும் அவற்றில் அமரும்.

3. தேவையின்றிப் பூச்சிநாசினி தெளியாதிருக்க. நஞ்சுண்ட புழுவைத் தின்னும் பறவையும் மடியக்கூடும். அடுத்த புழுக்கூட்டம் வரும்போது அதனை உண்ணப் பறவை இராது.