நத்தாருக்குத் திருமலை போகிறவர்களுக்கு

நத்தார் விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர் உறவுகள் பலர் இரண்டு நாளாவது திருகோணமலைக்குப் போய்வர விரும்புகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, டிசெம்பர் அங்கே சுற்றுலாக் காலம் அல்ல. நிலாவெளியும் புறாத்தீவும் களைகட்டுவது மே முதல் செப்டெம்பர் வரை. இப்போது வாடைக்காற்று, மழை, கொந்தளிக்கும் கடல். குளிக்க இறங்க வேண்டாம். ஆனால் ஊரை ஊராகப் பார்க்க இதுதான் நல்ல நேரம். இரவில் கரோல் பாடுவோர் வீடு வீடாக வருவார்கள். திருவெம்பாவையும் அதே நாட்களில் சேர்ந்துவிட்டால் விடியலில் சங்கொலி கேட்கும்.

‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றதுதான். அவர்களே 1620களில் சுவாமி மலையிலிருந்த கோணேசர் கோயிலை இடித்தவர்கள். அதன் கற்களையும் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு. கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லைத் தேடிப் பாருங்கள். உள்ளே புள்ளிமான்கள் மேயும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இன்றைய கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியும் இந்தக் கோட்டைக்குள்ளால்தான். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. சாமி கும்பிடப் போகிறவர் சீருடைகளைக் கடந்துதான் போக வேண்டும்.

திருமலையில் பண்டிகையும் துக்கமும் அடுத்தடுத்த நாட்களில் வருகின்றன. 25ஆம் திகதி பாலன் பிறப்பு. மறுநாள் ஆழிப்பேரலை நினைவு. 2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அடித்துப் போனது. மாவட்டத்தின் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோருமே உறவுகளை இழந்தார்கள்.

புதுவருடம் பிறந்து மறுநாள் இன்னொரு நினைவு. அதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை.

நகரின் கடற்கரையில் காந்தி சிலை இருக்கிறது. மாலையில் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு இளைஞர்கள் கூடிப் பேசும் இடம். 2006 ஜனவரி 2 மாலை, விடுமுறையில் அங்கே கூடியிருந்த மாணவர்கள் மீது முச்சக்கரவண்டியிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. அதன் பின் சுட்டார்கள். இருபது வயதை ஒட்டிய ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள், இருவர் காயத்தோடு தப்பினார்கள். குண்டு வெடித்தே அவர்கள் இறந்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் அந்தக் கதையை உடைத்தன. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அதே மாதம் 24ஆம் திகதி காலை, திருமலையிலேயே சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட சந்தேகநபர்கள் 2013இல் கைதானார்கள். அதற்குள் சாட்சிகள் பலர் அச்சுறுத்தலால் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். மகன் ரஜீகரை இழந்த வைத்தியர் மனோகரனும் அப்படிப் போனவர். ஐ.நா. வரை போய் நீதி கேட்டவர் அவர். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய ஆதாரம் இல்லையென்று 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகளைக் காப்பாற்றாத ஒரு நாட்டில் ஆதாரம் எங்கிருந்து வரும்? படம் எடுத்தவரின் கொலைக்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

கோட்டையிலிருந்து காந்தி சிலைக்கு நடந்தே போகலாம், அதிக தூரமில்லை. பெரும்பாலானவர்கள் நத்தார் முடிந்ததும் கொழும்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். இயன்றவர்கள் ஜனவரி 2 மாலை வரை நில்லுங்கள். பிள்ளைகள் கேட்டால், அந்த இடத்திலேயே வைத்துச் சொல்லுங்கள்.